1793 பிலடெல்பியா: ஒரு தலைநகரைக் காலி செய்த மஞ்சள் காய்ச்சல்

கேள்வி இதுதான்: 1793இல் பிலடெல்பியாவில் மஞ்சள் காய்ச்சல் வந்து பத்தில் ஒருவர் இறந்ததாகச் சொல்கிறார்களே, உண்மையா? அப்போது அமெரிக்காவின் தலைநகரே அந்த ஊர்தான். நாட்டின் பேர்பெற்ற மருத்துவர்கள் அங்கேதான் இருந்தார்கள். அப்படியிருந்தும் ஏன் தடுக்க முடியவில்லை? கொசுதான் காரணம் என்று ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லையா?

உண்மைதான். சுற்றுப்பகுதிகளையும் சேர்த்து ஊரில் சுமார் 50,000 பேர் இருந்தார்கள். ஆகஸ்டில் தொடங்கி நவம்பரில் அடங்குவதற்குள் ஏறக்குறைய 5,000 பேர் இறந்துபோனார்கள். ஆனால் "பத்தில் ஒருவர்" என்ற கணக்கு அங்கே நடந்ததைக் கொஞ்சம் குறைத்துத்தான் காட்டுகிறது. வசதி உள்ளவர்களும் வண்டி கிடைத்தவர்களுமாக 17,000 பேருக்கு மேல் ஊரைவிட்டே போய்விட்டார்கள். அவர்களைக் கழித்துவிட்டுப் பாருங்கள்: போக வழியில்லாமல் அங்கேயே இருந்தவர்களில் ஆறேழு பேருக்கு ஒருவர் செத்திருக்கிறார். அவர்களில் பெரும்பாலோர் கூலிக்காரர்கள், வீட்டு வேலைக்காரர்கள், கைத்தொழில் செய்தவர்கள், புதிதாக வந்து இறங்கிய ஏழைக் குடியேறிகள்.

பிலடெல்பியா டெலவேர் ஆற்றங்கரையில் இருக்கும் துறைமுகம். கரையை ஒட்டினாற்போல் வாட்டர் தெரு என்று ஒரு குறுகலான தெரு. கிடங்குகள், மாலுமிகள் தங்கும் விடுதிகள், படகுத்துறைகள் எல்லாம் அங்கேதான். அந்த ஆண்டு கோடையில் கரீபியன் கடலில் இருந்த பிரெஞ்சுக் காலனியான சென் தொமெங்கிலிருந்து, அதாவது இன்றைய ஹைட்டியிலிருந்து, கப்பல் கப்பலாக அகதிகள் வந்து இறங்கினார்கள். அங்கே அடிமைகளின் புரட்சி நடந்துகொண்டிருந்தது; ஜூன் மாதம் காப் பிரான்சே நகரம் எரிந்தது. அந்தக் கப்பல்களில் வெள்ளையர்களும் இருந்தார்கள், அவர்கள் கூட்டிவந்த கறுப்பின மக்களும் இருந்தார்கள். சிலர் உடம்பில் வைரஸும் வந்தது. கப்பலின் குடிநீர்ப் பீப்பாய்களில் கொசுவும் வந்தது.

இந்த இரண்டும் ஒருங்கே வந்தால்தான் மஞ்சள் காய்ச்சல் பரவும். ஏடிஸ் எஜிப்தி என்ற கொசு நோயாளியைக் கடித்தவுடனே அடுத்தவருக்கு நோயைக் கொடுத்துவிடாது. வைரஸ் அதன் உடம்பில் பெருகி எச்சிலுக்கு வந்துசேர பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். அதன் பிறகு அது கடிக்கிற ஒவ்வொரு கடியும் ஆபத்துதான். கடிபட்டவருக்கு மூன்று முதல் ஆறு நாளில் காய்ச்சல் தொடங்கும். ஆக முதல் நோயாளிக்கும் அவரிடமிருந்து தொற்று வாங்கிய அடுத்த நோயாளிக்கும் நடுவே இரண்டு மூன்று வாரம் எதுவும் நடக்காதது போலவே இருக்கும். இந்த இடைவெளிதான் அந்தக் காலத்து மருத்துவர்களை முழுக்க ஏமாற்றியது.

1793 கோடை கடும் வெயில், கடும் வறட்சி. ஊரில் சாக்கடை வசதி சரியில்லை. கிணற்றுத் தண்ணீர் போதாமல் வீட்டுக்கு வீடு மழைநீரைப் பீப்பாயில் பிடித்து வைத்திருந்தார்கள். ஏடிஸுக்குக் குளம் குட்டை தேவையில்லை; வீட்டோரம் நிற்கும் பீப்பாயே போதும்.

ஆகஸ்ட் 19 அன்று பெஞ்சமின் ரஷ் என்ற மருத்துவர் வாட்டர் தெருவில் ஒரு வணிகரின் மனைவியைப் பார்க்கப் போனார். அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர் இவர். நாட்டிலேயே பெயர்பெற்ற மருத்துவர். அந்த அம்மா பிழைக்க மாட்டார் என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. கூட இருந்த இரண்டு மருத்துவர்களிடம் பேசியபோதுதான், கொஞ்ச நாளாகவே அதே தெருவில் பலர் இப்படி இறந்திருப்பது வெளியே வந்தது. ரஷ் மாணவராக இருந்த 1762இல் இதே ஊரில் மஞ்சள் காய்ச்சல் வந்திருந்தது. அந்த நினைவு அவருக்கு இருந்ததால் உடனே பெயர் சொல்லிவிட்டார். நோயைக் கண்டுகொண்டது சரி. காரணம் என்று அவர் காட்டியது பக்கத்துப் படகுத்துறையில் கொட்டிக் கிடந்த காபிக்கொட்டையை. கப்பலில் வந்த சரக்கு கெட்டு அழுகி, தெருவெல்லாம் நாற்றம். அந்த நாற்றக் காற்றில்தான் நோய் இருக்கிறது என்றார்.

நோய் எப்படி இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் ஊர் ஏன் அவ்வளவு நடுங்கியது என்று புரியும். திடீரென்று குளிர்காய்ச்சல், தலைவலி, முதுகு வலி, வாந்தி. மூன்று நான்கு நாளில் காய்ச்சல் இறங்கும். ஆள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்பார். வீடே நிம்மதி அடையும். பலருக்கு அதோடு சரியாகியும் விடும். ஆனால் சிலருக்கு ஒரு நாள் கழித்துக் காய்ச்சல் திரும்ப ஏறும். கண்ணும் தோலும் மஞ்சளாகும், ஈறிலும் மூக்கிலும் ரத்தம் கசியும், வயிற்றுக்குள் கசிந்த ரத்தம் காபித்தூளைக் கரைத்தது போல் கறுப்பு வாந்தியாக வரும். அந்தக் கட்டத்துக்குப் போனவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் பிழைப்பதில்லை. இன்றைக்கும் அதை நேரடியாகக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. தண்ணீர், ஓய்வு, கவனிப்பு இவைதான்.

மேயர் மாத்யூ கிளார்க்சன் கேட்டுக்கொண்டதன் பேரில் மருத்துவர் கழகம் கூடி ஆகஸ்ட் கடைசி வாரத்தில் அறிவுரைகளை வெளியிட்டது. நோயாளி இருக்கும் வீட்டுக்கு அடையாளம் போடுங்கள், தெருக்களைச் சுத்தமாக வையுங்கள், சாவு மணி அடிப்பதை நிறுத்துங்கள் என்று. நாள் முழுக்க மணி ஒலித்து இருப்பவர்களின் தைரியமும் போய்க்கொண்டிருந்ததால் அந்தக் கடைசி அறிவுரை எனக்கு நியாயமாகவே படுகிறது. மக்கள் தங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தார்கள். வினிகரில் நனைத்த துணியை மூக்கில் வைத்துக்கொண்டார்கள், கற்பூரப் பையைக் கழுத்தில் கட்டினார்கள், செருப்புக்குள் பூண்டு போட்டார்கள், தார் பூசிய கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு திரிந்தார்கள், காற்றைச் சுத்தம் செய்வதாக நினைத்து வெடிமருந்தைக் கொளுத்தினார்கள். பெண்களும் சின்னப் பையன்களும்கூடச் சுருட்டு பிடித்தார்களாம். தெரிந்தவரைக் கண்டால் கைகுலுக்குவது நின்றது. வீட்டுச் சுவரை ஒட்டி நடக்கப் பயந்து தெரு நடுவில் நடந்தார்கள். வெளியூர்கள் பிலடெல்பியாக்காரர்களை உள்ளே விடாமல் காவல் போட்டன.

ஜனாதிபதி வாஷிங்டன் செப்டம்பர் 10 அன்று தன் பண்ணை வீடான மவுண்ட் வெர்னனுக்குப் புறப்பட்டார். எழுத்தர்கள் போய்விட்டார்கள், அரசு அலுவலகங்கள் ஓய்ந்தன. தலைநகர் ஆபத்தில் இருந்தால் நாடாளுமன்றமான காங்கிரசை வேறு ஊரில் கூட்ட ஜனாதிபதிக்கு அதிகாரம் உண்டா என்றே ஒரு சிக்கல் எழுந்து, அடுத்த ஆண்டு அதற்காகவே ஒரு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. கிளார்க்சன் மட்டும் ஊரைவிட்டு நகரவில்லை.

இப்போது உங்கள் கொசுக் கேள்விக்கு வருகிறேன். தோன்றவில்லை என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. ஆகஸ்ட் 29 அன்று டன்லப்பின் நாளிதழில் 'ஏ. பி.' என்று மட்டும் கையெழுத்திட்டு ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். அண்மையில் பெய்த மழையால் ஊரில் கொசு பெருகும், நோயாளிகளுக்கு அது பெரும் தொல்லை, உங்கள் மழைநீர்ப் பீப்பாயை எட்டிப் பாருங்கள், லட்சக்கணக்கில் கொசுப்புழு துள்ளிக்கொண்டிருக்கும், சாதாரண எண்ணெய் ஏதாவது கொஞ்சம் ஊற்றினால் அது தண்ணீர்மேல் படலமாகப் பரவி, புழுக்கள் மூச்சுவிட வழியில்லாமல் செத்துப்போகும் என்று. இந்த நூற்றாண்டின் சுகாதார ஆய்வாளர் வீட்டுக்கு வந்து சொல்வதும் இதே பாணிதான். ஊர் முழுக்க அன்றே அதைச் செய்திருந்தால் ஆயிரக்கணக்கானவர்கள் பிழைத்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். ஆனால் எழுதியவர் கொசுவைத் தூக்கத்தைக் கெடுக்கும் பூச்சியாகத்தான் பார்த்தார், நோயைக் கொண்டுவருவதாக அல்ல. ரஷ்ஷும் அந்த இலையுதிர் காலத்தில் கொசு வழக்கத்துக்கு மீறி மொய்த்ததைக் குறித்து வைத்திருக்கிறார். அவருக்கு அது கெட்ட காற்றின் அறிகுறி, அவ்வளவுதான்.

அதற்காக அவர்களை முட்டாள்கள் என்று தள்ளிவிடாதீர்கள். மருத்துவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தார்கள். கப்பலில் வந்த தொற்றுநோய் என்றது ஒரு கட்சி. துறைமுகத்தில் நோய் தொடங்கியதை ஆதாரமாகக் காட்டியது. ஊரின் அழுக்கிலிருந்து கிளம்பிய விஷக்காற்று என்றது மற்றொன்று; அதனிடமும் வலுவான ஆதாரம் இருந்தது. பிலடெல்பியாவிலிருந்து ஓடிப்போனவர்கள் கிராமங்களில் விழுந்து செத்தார்கள், ஆனால் அவர்களைப் பார்த்துக்கொண்ட கிராமத்தாருக்கு நோய் வரவில்லை. ஒட்டிக்கொள்ளும் நோயென்றால் எப்படி வராமல் இருக்கும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதானே? சில நூறு மீட்டருக்குமேல் பறக்காத ஒரு கொசுவை நடுவில் வைத்தால்தான் இரண்டு தரப்பின் ஆதாரமும் பொருந்தும். அந்தக் கொசு ஊரில் இருந்தது, கிராமத்தில் இல்லை. அந்த ஒரு கண்ணி கிடைக்க இன்னும் நூறு ஆண்டு ஆனது.

காரணம் தெரியாததை நான் குறை சொல்ல மாட்டேன். சிகிச்சைதான் என் மனதை உறுத்துகிறது. ரஷ் கடைசிவரை ஊரில் இருந்தார். ஒரு நாளைக்கு நூறு நோயாளிகளுக்குமேல் பார்த்தார். அவருடைய மாணவர்கள் மூன்று பேர் இறந்தார்கள், சகோதரி இறந்தார், அவருக்கே காய்ச்சல் வந்தது. அந்தத் துணிச்சலுக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் அவர் கொடுத்தது கலோமல் என்ற பாதரச மருந்தும் ஜலப் என்ற பேதி வேரும், அதுவும் கடும் அளவில். கூடவே கையில் ரத்தக்குழாயைக் கீறி ரத்தம் எடுத்தார், நாளுக்கு நாள், திரும்பத் திரும்ப. மனித உடம்பில் உண்மையில் இருப்பதைவிடச் சுமார் இரண்டு மடங்கு ரத்தம் இருப்பதாக அவர் நம்பினார். உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசியும் நோயில், வாந்தியில் நீரெல்லாம் போன உடம்பிலிருந்து, இப்படி எடுத்தால் என்னவாகும்? பிழைத்தவர்களை எல்லாம் தன் வைத்தியத்தின் வெற்றி என்றார். இறந்தவர்கள் தாமதமாக வந்ததாகவோ போதிய ரத்தம் எடுக்கவில்லை என்றோ எழுதினார். தன் கணக்கைத் தானே சரிபார்க்க அவர் இடமே வைக்கவில்லை.

மாற்று வழி அதே ஊரில், அதே மாதத்தில் இருந்தது. நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டன் செப்டம்பர் தொடக்கத்தில் படுத்தார். கரீபியன் தீவில் கூடவே வளர்ந்த நண்பர் எட்வர்ட் ஸ்டீவன்ஸ்தான் அவருக்கு வைத்தியம் பார்த்தார். தீவு மருத்துவர்களுக்கு இந்த நோய் பழக்கமானது. சின்கோனா பட்டை, ஒயின், குளிர்ந்த நீரில் குளியல், ஓய்வு என்று மென்மையான முறை. ஹாமில்டனும் மனைவியும் பிழைத்தார்கள். இந்த முறையைப் பலரும் அறிய வேண்டும் என்று ஹாமில்டன் வெளிப்படையாகவே எழுதினார். ரஷ்ஷோ அரசியலில் எதிர் முகாம். மருத்துவ விவாதம் கட்சி விவாதமாக மாறி, எந்த மருத்துவரை அழைப்பது என்பதே நீங்கள் எந்தப் பக்கம் என்று காட்டுவதானது.

சரி, உயிர்களைக் காப்பாற்றியது யார்? என்னைக் கேட்டால் இரண்டு இடங்களைத்தான் காட்டுவேன்.

ஒன்று புஷ் ஹில். ஊருக்கு வெளியே இருந்த ஒரு பெரிய மாளிகையை ஆகஸ்ட் கடைசியில் எடுத்து ஏழைகளுக்கான காய்ச்சல் மருத்துவமனையாக்கினார்கள். முதல் இரண்டு வாரம் அது பயங்கரமான இடமாக இருந்தது. பார்க்க ஆளில்லை, இருப்பவர்களும் செத்துக்கொண்டிருப்பவர்களும் செத்தவர்களும் ஒரே அறையில் கிடந்தார்கள். செப்டம்பர் நடுவில் ஸ்டீபன் ஜிரார்ட் என்ற வணிகரும் பீட்டர் ஹெல்ம் என்ற பீப்பாய்த் தொழிலாளியும் தாங்களாகவே முன்வந்து நிர்வாகத்தை ஏற்றார்கள். ஜிரார்ட் பிரான்சின் போர்தோவில் பிறந்தவர், ஒரு கண்ணில் பார்வை கிடையாது, பெரும் பணக்காரர். அவர் ஓடியிருக்கலாம். பணம் கொடுத்துவிட்டு ஒதுங்கியும் இருக்கலாம். அவரோ தினமும் வார்டுக்குள் போய் நோயாளிகளைத் தூக்கி உட்காரவைத்தார், வாயில் பானம் ஊற்றினார், வாந்தியைத் துடைத்தார். இரண்டு மாதம் அப்படியே. சென் தொமெங்கிலிருந்து தப்பி வந்த ழான் தெவேஸ் என்ற மருத்துவரை அங்கே அமர்த்தினார்கள். தெவேஸ் பெருமளவு ரத்தம் எடுப்பதை ஏற்கவில்லை. குடிக்கப் பானம், சுத்தமான படுக்கை, நோயின் நிலைக்கேற்பக் கவனிப்பு என்று நடத்தினார். நோயாளிகளைப் பிரித்துப் படுக்க வைத்தார்கள், தண்ணீர் வந்தது, ஒழுங்கு வந்தது.

இன்னொன்று பிலடெல்பியாவின் கறுப்பின மக்கள். ரிச்சர்ட் ஆலன், அப்சலோம் ஜோன்ஸ் இருவரும் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். 1787இல் ஃப்ரீ ஆஃப்ரிக்கன் சொசைட்டி என்ற கறுப்பினத்தவர் உதவிச் சங்கத்தைத் தொடங்கியவர்கள். கறுப்பினத்தவருக்கு இந்தக் காய்ச்சல் வராது என்று ரஷ் நம்பினார். 1748இல் சார்ல்ஸ்டனில் வந்த நோயைப் பற்றி ஜான் லைனிங் என்ற மருத்துவர் எழுதியதைப் படித்து வந்த நம்பிக்கை அது. ஆப்பிரிக்காவிலோ கரீபியனிலோ சிறுவயதில் நோய் வந்து தேறியவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி இருந்தது உண்மை. பிலடெல்பியாவிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது எங்கிருந்து வரும்? அந்தத் தவறான நம்பிக்கையை வைத்துத்தான் ரஷ் ஆலனிடமும் ஜோன்ஸிடமும் உதவி கேட்டார். அவர்களும் சங்கத்தில் கூடிப் பேசி ஒப்புக்கொண்டார்கள்.

முதல்முதலாக அவர்கள் நுழைந்தது எம்ஸ்லி சந்தில் ஒரு வீடு. கணவர் சாகக் கிடக்கிறார். மனைவி அதே வீட்டில் பிணமாகக் கிடக்கிறார். பக்கத்தில் இரண்டு சின்னக் குழந்தைகள், வேறு யாருமே இல்லை. அன்று மட்டும் இருபதுக்கு மேற்பட்ட குடும்பங்களைப் பார்த்தார்கள். அப்புறம் வாரக்கணக்கில் இதே வேலை: நோயாளிக்குத் துணை இருப்பது, பிணத்தைப் பெட்டியில் வைத்து எடுத்துப்போவது, அனாதைக் குழந்தைகளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. மருத்துவர்கள் போதாதபோது ரஷ் சொல்லிக்கொடுத்தபடி 800 பேருக்குமேல் ரத்தமும் எடுத்தார்கள். அன்றைக்கு அதுவே வைத்தியம் என்று எல்லோரும் நம்பினார்கள். ஆலனுக்கே காய்ச்சல் வந்து பிழைத்தார். சாம்சன் என்ற ஏழை கூலி எதுவும் வாங்காமல் வீடு வீடாகப் போய் உதவினார்; அவரும் நோயில் இறந்தார், அவர் கவனித்தவர்கள் அவருடைய குடும்பத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு வயதான கறுப்பினப் பெண்மணியிடம் கூலி எவ்வளவு என்று கேட்டபோது, குளிர்காலத்தில் ஒரு நாள் சாப்பாடு போட்டால் போதும் என்றாராம்.

நோய் அடங்கியதும் மாத்யூ கேரி என்ற பதிப்பாளர் ஒரு சிறுநூல் போட்டார். விற்பனை சக்கைப்போடு. அதில் கறுப்பினச் செவிலியர்களில் சிலர் அநியாயக் கூலி பறித்ததாகவும் திருடியதாகவும் எழுதினார். ஆலனையும் ஜோன்ஸையும் பாராட்டினார்தான். ஆனால் பழி ஒரு சமூகத்தின் மேல் விழுந்தது. 1794 ஜனவரியில் இருவரும் பதில் நூல் வெளியிட்டார்கள். எனக்கு அதில் மிகப் பிடித்த பக்கம் கணக்குப் பக்கம். பிணம் புதைக்கவும் படுக்கைகளைப் புதைக்கவும் வாங்கிய பணம் மொத்தம் 233 பவுண்டு 10 ஷில்லிங் 4 பென்ஸ். சவப்பெட்டிக்குக் கொடுத்தது 33 பவுண்டு. ஐந்து ஆட்களுக்குக் கூலி, மூன்று பேருக்கு 70 நாள் வீதம், இரண்டு பேருக்கு 63 நாள் வீதம், 378 பவுண்டு. கைவிட்டுப் போனது 177 பவுண்டு 9 ஷில்லிங் 8 பென்ஸ். கூட்டிக் கழித்துப் பார்த்தால் பென்ஸ் பிசகாமல் வருகிறது. இன்னொரு கணக்கும் கொடுத்தார்கள்: 1792இல் ஊரில் புதைக்கப்பட்ட கறுப்பினத்தவர் 67 பேர், 1793இல் 305 பேர். எங்களுக்கு நோய் வராது என்றீர்களே, இதோ பாருங்கள் என்று அந்த எண்களே பேசுகின்றன. மேயர் கிளார்க்சனும் அவர்களுடைய நடத்தைக்கு எழுத்தில் சான்று கொடுத்தார். அந்தக் கடும் நாட்களில் கேரி கொஞ்ச காலம் ஊரிலேயே இல்லை என்பதையும் நூல் சுட்டிக்காட்டத் தவறவில்லை.

உச்சம் அக்டோபர் 11. அன்று ஒரே நாளில் 119 பேரை அடக்கம் செய்தார்கள். மாதக் கடைசியில் குளிர் இறங்கியது, பனி விழுந்தது, கொசு செத்தது, நோய் நின்றது. நவம்பரில் மக்கள் திரும்பினார்கள். வாஷிங்டன் முன்னெச்சரிக்கையாகப் பக்கத்து ஊரான ஜெர்மன்டவுனில் தங்கி வேலை பார்த்தார். 1797, 1798, 1799 என்று காய்ச்சல் மறுபடி மறுபடி வந்தது. ஊர் அழுக்குதான் காரணம் என்ற கட்சி சுத்தமான தண்ணீர் வேண்டும் என்று அழுத்தியதில், 1801இல் லேட்ரோப் என்ற பொறியாளர் நீராவி இயந்திரம் வைத்து ஸ்கூல்கில் ஆற்று நீரைக் குழாயில் ஊருக்குக் கொண்டுவந்தார். அவர்கள் எண்ணியது வேறு காரணத்துக்காக என்றாலும், குழாய்த் தண்ணீர் வந்தால் பீப்பாயில் பிடித்துவைக்கும் தேவை குறையும்தானே.

கொசுவை நேராகக் குற்றம்சாட்டியவர் ஹவானாவின் கார்லோஸ் ஃபின்லே, 1881இல். இருபது ஆண்டு யாரும் காது கொடுக்கவில்லை. 1900இல் வால்டர் ரீட் தலைமையிலான குழு கியூபாவில் அதைச் சோதனையால் நிறுவியது; அந்தக் குழுவில் இருந்த ஜெஸ்ஸி லேசியர் மஞ்சள் காய்ச்சலிலேயே இறந்தார். தடுப்பூசி 1937இல் மேக்ஸ் டைலரின் ஆய்வகத்திலிருந்து வந்தது. ஒரு முறை போட்டால் வாழ்நாள் முழுக்கப் போதும் என்று இப்போது ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

நம் ஊருக்கு இதில் ஒரு நேரடித் தொடர்பு உண்டு. சென்னையில் டெங்குவைப் பரப்புவது இதே ஏடிஸ் எஜிப்திதான். ஆனாலும் இந்தியாவில் மஞ்சள் காய்ச்சல் இதுவரை பரவியதில்லை. கொசு இருக்கிறது, வைரஸ் இல்லை. அதனால்தான் நோய் இருக்கும் ஆப்பிரிக்க, தென்னமெரிக்க நாடுகளிலிருந்து வருபவர்களிடம் விமான நிலையத்தில் தடுப்பூசி அட்டை கேட்கிறார்கள்; இல்லாதவர்களை ஆறு நாள் வரை தனிமைப்படுத்தவும் விதி இருக்கிறது. நைஜீரியா, கானா, கென்யா என்று வேலைக்குப் போகிறவர்கள் புறப்படுவதற்குக் குறைந்தது பத்து நாள் முன்னால் போட்டுக்கொள்ள வேண்டும், அதற்குப் பிறகுதான் சான்றிதழ் செல்லும்.